பதினான்கு சிவப்பு அம்புகள்

செக்கருக்குக் கண்தான் சொத்து. வினையும் அதுதான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடங்களாக அவருக்கு ஒரே வேலை. தைத்து வரும் சட்டையை மேசைமேல் விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை பார்ப்பது. குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது. அம்பின் முனை குறையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அம்பு ஒட்டிய சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். ஒட்டாத சட்டை கப்பலேறும்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் மற்றவர்கள் வேலையைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். செக்கர் வீட்டுக்கு எடுத்துப் போவார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் தோள் தையல், பக்கத்து வீட்டுத் திரைச்சீலையின் மடிப்பு, மேனேஜரின் பேச்சில் விட்டுப்போன இடம், எதுவும் தப்பாது. அவருடைய கல்யாணப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் மச்சானின் சட்டைக் கைப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டன் மாற்றித் தைத்திருந்ததாம்.

குடியில் பல ரகம். சிலர் அழுவார்கள், சிலர் பாடுவார்கள், சிலர் அடுத்த வீட்டுக் கதவைத் தன் வீட்டுக் கதவென்று தட்டுவார்கள். செக்கர் குடித்தால் குறை சொல்வார். குடிக்காதபோதும் சொல்வார், குடித்தால் கொஞ்சம் உரக்கச் சொல்வார். அதனால் அவர் குடிப்பது பல வருடம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாமலே இருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின், தொழிற்சாலையைப் பார்வையிட வந்த பையரின், அதாவது சட்டைகளை வாங்கும் கம்பெனிக்காரரின், கோட்டில், நெஞ்சுக்கு நேராக, ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டார். அந்த இடத்தில் நூல் தொங்கியது உண்மைதான். அதை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அவர் மனைவிக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேசையில் வேலை. யார் எதை மறைத்தாலும் நாளைக் காலையில் தாளில் வந்துவிடும் என்று பார்த்துப் பழகியவர். அன்று சாயங்காலமே பையில் துணிகளை மடித்து வைத்தார்.

"நீங்க குடிக்கறதோட பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திட்டேன். அது என்னால முடிஞ்சுது. குடிச்சிட்டுக் குடிக்கலைன்னு சொல்றீங்க பாருங்க, அதோட முடியல. அக்கா வீட்டுக்குப் போறேன். ஒரு வருஷம் குடிக்காம இருங்க, வரேன். நடுவுல தவறினா சொல்லிடுங்க, முதல்லேர்ந்து எண்ணிக்கலாம். மறைச்சீங்கன்னா எண்றதுக்கு ஆள் இருக்காது."

"உங்க அக்கா வீட்டுல லிஃப்ட் வேற வேலை செய்யாதே," என்றார் செக்கர். அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லத் தோன்றிய குறை அதுதான்.

சனிக்கிழமை தோறும் ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. அவர் முகத்தைக் காட்டுவார். மனைவி முகத்தைப் பார்ப்பார். கண் விஷயத்தில் அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் கூட்டத்துக்கு அவர் போக ஆரம்பித்தது இப்படித்தான். ஞாயிறு காலை, ஒரு டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில் நடக்கும். சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். முந்தாதே, ஒலி எழுப்பாதே, முன்னால் வளைவு. அங்கே யாரும் பெயர் சொல்வதில்லை. அது அவர்கள் வழக்கம். தொழிலே பெயர். நடத்துபவர் ஓய்வு பெற்ற விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் இன்னும் இருந்தது. ஒருவர் நான்கு நிமிடம் பேசலாம். நான்காவது நிமிடம் முடியும்போது விசில் உதடு வரை வரும். யாருக்கும் அது ஊதப்படும் வரை பேசத் தைரியம் வந்ததில்லை.

முதல் நாளே டீச்சர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தார். பதினான்கு பேர், பதினான்கு போன் நம்பர்.

"செக்கர், இங்க ஒரே ரூல்தான். குடிக்கணும்னு தோணிச்சுன்னா, காலை எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி போனை எடுக்கணும். இதுல யாரையாவது கூப்பிடுங்க. யாரா இருந்தாலும் சரி."

யாராக இருந்தாலும் சரி என்பதை செக்கரால் ஏற்க முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் எதையும் பார்க்காமல் பாஸ் பண்ணியதில்லை.

எனவே பார்த்தார். வாரம் ஒருவராகப் பார்த்தார். வக்கீல் குமாஸ்தா தன் கதையை, "மேற்படி தேதியில் மேற்படி நான் மேற்படி பாட்டிலை" என்று மனு வாசிப்பது போல் சொன்னார். இவர் குடித்ததே சந்தேகம், யாரோ கட்சிக்காரருக்காக வந்திருக்கிறார் என்று செக்கருக்குத் தோன்றியது. ஒருவர் கூட்டத்தில் கொடுக்கும் பிஸ்கட்டுக்காக வந்தார். ஒருவர் தியான நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அதைப் பார்க்க செக்கர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. டீச்சரே கூடத் தேறவில்லை. மற்றவர்களுக்கு நான்கு நிமிடம், தனக்கு மட்டும் ஆறு. வீட்டுக்கு வந்ததும் செக்கர் பர்ஸிலிருந்து தாளை எடுத்து, சம்பந்தப்பட்ட வரியில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டுவார். முனை பெயரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு வரியில் மட்டும் மூன்று அம்புகள் இருந்தன. அது லிஃப்ட்காரர்.

லிஃப்ட்காரர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். ஒல்லியான ஆள். எந்நேரமும் கிரீஸ் வாசனை. வந்து மூன்று வாரம் நன்றாக இருப்பார், காணாமல் போவார், திரும்பி வந்து சுவரில் இருக்கும் 'திரும்பாதே' பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்து, "இன்னைக்கு எனக்கு முதல் நாள்," என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். செக்கர் கணக்குப்படி இது ஏழாவது முதல் நாள்.

கைதட்டலைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரைத் தனியாகப் பிடித்தார்.

"டீச்சர், போன மாசம் எனக்கு முந்நூறு நாள் ஆச்சு. கைதட்டினாங்க. இன்னைக்கு அவருக்கு ஒரு நாள். அதே கைதட்டு."

"ஆமா."

"ரெண்டும் ஒண்ணா?"

"கைதட்டறதுக்கு ரேட் கார்டு கிடையாது, செக்கர்."

"தப்பா நெனைக்காதீங்க. இப்படியே தட்டினா அவரு கைதட்டு வாங்கறதுக்காகவே குடிப்பாரு."

டீச்சர் விசிலை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "அப்படிப் பாத்தா நீங்க கைதட்டு வாங்கறதுக்காகவே குடிக்காம இருக்கீங்களோ என்னவோ," என்றார். அன்று வீட்டுக்குப் போனதும் டீச்சருக்கு இரண்டாவது அம்பு விழுந்தது.

பதினோராவது மாதம் முடிந்தபோது பட்டியலில் ஒரு பெயரும் மிச்சமில்லை. தாள் தடித்து, பர்ஸை மூட முடியாமல் போனது. சனிக்கிழமைகளில் மனைவியிடம் அவர் தன்னைப் பற்றிப் பேசியதைவிடக் கூட்டத்தாரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். மனைவி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வருடத்துக்கு இன்னும் பத்தொன்பது நாளே இருந்தபோது ஒரு சனிக்கிழமை வந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மேனேஜர் அவரை அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு நீலச் சட்டை இருந்தது. லைன் சூப்பர்வைசர் அம்மா ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்றார்.

"அண்ணே, இந்தச் சட்டையப் பாருங்க," என்றார் மேனேஜர். "தையல் எப்படி இருக்கு?"

செக்கர் பார்த்தார். "நேரா இருக்கு."

"நூலு?"

"கலர் மேட்ச். ஒரு தையல் விடல. இது நான் பாஸ் பண்ண லாட்தான். ஞாபகம் இருக்கு. பாக்கெட் தையல் அவ்வளவு சுத்தம்."

"பாக்கெட்டுல கையை விடுங்க."

செக்கர் கையை விட்டார். கை போகவில்லை. இன்னொரு தடவை விட்டார். அப்போதும் போகவில்லை.

இஸ்திரியில் கோணிவிடாமல் இருக்க, பாக்கெட்டின் வாயைத் தற்காலிகமாக மூடித் தைப்பது வழக்கம். இஸ்திரி முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். புதிதாக வந்த தையல்காரப் பெண் அதை நிரந்தரத் தையலாகவே போட்டுவிட்டாள். அதுவும் சும்மா போடவில்லை, அளவெடுத்தது போல், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலப் போட்டிருந்தாள். அறுநூறு சட்டைகள். அத்தனை பாக்கெட்டும் ஊமை. சட்டைகள் கடல் கடந்து போய்ச் சேர்ந்து, யாரோ ஒருவர் தன் பேனாவை வைக்கப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்திருக்கிறது.

"வெளியிலயே பாத்துட்டு விட்டுட்டீங்களாண்ணே," என்றார் மேனேஜர். திட்டியிருந்தால் தேவலை. ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்.

அறையை விட்டு வந்தபோது நாற்பது தையல் மிஷினும் ஒரே சமயத்தில் நின்றன. செக்கர் வரிசை நடுவே நடந்தார். இத்தனை வருடம் அவரிடம் சட்டை திரும்ப வாங்கிய பெண்கள். ஒருத்தி, "பாத்துப் போங்கண்ணே," என்று முதுகில் தட்டிக் கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் வாசலைத் தாண்டியபின் சிரித்தார்கள். அது தெருவரை கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் நின்று பட்டியலை எடுத்தார். தொண்டை காய்ந்திருந்தது. அந்த வறட்சி அவருக்குத் தெரியும். தண்ணீர் குடித்தால் போகாத வறட்சி. மேலிருந்து கீழே படித்தார். குமாஸ்தா? மனுவாக எழுதித் தரச் சொல்வார். பிஸ்கட்? ஒற்றைக் கண்? டீச்சர்? ஆறு நிமிடம் பேசுவார். லிஃப்ட்காரர் பெயருக்கு வந்தபோது அவருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. எல்லா வரியிலும் அம்பு. தாளை மடித்து உள்ளே வைத்தார். போனை எடுக்கவில்லை. காலை மட்டும் எடுத்து வைத்தார்.

மதுக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. இரும்புக் கம்பி வலை போட்ட ஜன்னல். அதில் ஒரு பாட்டில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. சனிக்கிழமை ஆனதால் நல்ல வரிசை. செக்கர் கடைசி ஆளாகப் போய் நின்றார். பதினோரு மாதமாக வராத இடம். ஆனால் எங்கே நிற்க வேண்டும், எங்கே சாக்கடை மூடி ஆடும் என்று கால் மறக்கவில்லை.

முதுகில் யாரோ ஒரு விரலால் தொட்டார்கள்.

"சார், முதுகுல என்னமோ ஒட்டியிருக்கு."

திரும்பினார். லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் விரல் நுனியில் ஒரு சிவப்பு அம்பு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் முந்திக்கொள்பவனுக்குத்தான் பலம் என்பது செக்கருக்குத் தெரியும்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று அதட்டினார்.

"நானா? நான் ரோட்டுல போய்க்கிட்டிருந்தேன் சார். செக்கர் சார் வரிசையில நிக்கிறாரே, என்னாச்சோ ஏதாச்சோன்னு உங்களக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"நான் உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

லிஃப்ட்காரர் யோசித்தார். "ஆனா நான் உங்களுக்கு அப்புறம்தானே சார் வந்தேன்?"

"வருவீங்கன்னு தெரியும். அதான் முன்னாடியே வந்து நிக்கிறேன்."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. இருவரும் ஓர் அடி நகர்ந்தார்கள்.

"ரொம்ப நன்றி சார்," என்றார் லிஃப்ட்காரர். "அப்ப வாங்க போலாம்."

"நீங்க முதல்ல நடங்க. நான் பின்னாலயே வரேன்."

"நான் போனப்புறம் நீங்க..."

"நான் என்ன?"

"ஒண்ணுமில்ல சார். பெரியவரு. நீங்க முன்னால நடங்க, அதான் மரியாதை."

வரிசை மறுபடி நகர்ந்தது. அவர்களும் நகர்ந்தார்கள். பின்னால் நின்ற பெயிண்டர் ஒருவர், முழங்கை வரை வெள்ளையாக, பொறுமையிழந்து, "அண்ணே, பேசறவங்க ஓரமா நின்னு பேசுங்க," என்றார்.

"நாங்க வரிசையில இருக்கோம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஜன்னல் வந்துவிட்டது. கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். நான் இவருக்காக வந்தேன்," என்றார் செக்கர்.

"நான் இவருக்காக வந்தேங்க," என்றார் லிஃப்ட்காரர்.

கடைக்காரர் இப்போது தலையை நிமிர்த்தினார். "சரிய்யா. ரெண்டு பேரும் அடுத்தவனுக்காகவே வந்திருக்கீங்க, சந்தோஷம். உங்களுக்காக யாரு வந்திருக்கா?"

"எனக்காக நானே வந்திருக்கேன், எனக்குக் குடுய்யா," என்றார் பின்னாலிருந்து பெயிண்டர்.

செக்கர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் தன் வலது கை ஏற்கெனவே ஜன்னல் ஓட்டைக்குள் போயிருப்பதைக் கவனித்தார். எப்போது போனது என்று தெரியவில்லை. அதை இழுக்கப் பார்த்தார். வரவில்லை. அதே ஓட்டைக்குள் லிஃப்ட்காரரின் இடது கையும் போயிருந்தது. ஒரு பாட்டிலுக்கான வழியில் இரண்டு மணிக்கட்டுகள் இறுகிக்கொண்டு நின்றன.

வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு உள்ளங்கைகள் விரிந்திருந்தன. இரண்டும் நடுங்கின. செக்கர் பார்த்தார். பார்ப்பது அவர் தொழில். ஒரு நடுக்கத்துக்கும் இன்னொரு நடுக்கத்துக்கும் வித்தியாசம் தேடினார். வேகத்தில் பார்த்தார், அகலத்தில் பார்த்தார், சுண்டுவிரல் தனியாகத் துடிப்பதில் பார்த்தார். முந்நூற்று நாற்பத்தாறு நாள் கையையும் பன்னிரண்டு நாள் கையையும் பிரித்துச் சொல்ல ஒரு நூல் அளவுக் குறியும் கிடைக்கவில்லை. ஒரு கையில் கிரீஸ் இருந்தது. அதைத் துடைத்துவிட்டால் தன் கை எது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நான் குடிக்கத்தான் வந்தேன்," என்றார் செக்கர். கடைக்காரரிடமா, லிஃப்ட்காரரிடமா என்று சொல்ல முடியாதபடி நடுவில் சொன்னார்.

"நானும்தான் சார்."

"தெரியும்."

"எனக்கும் தெரியும் சார்." லிஃப்ட்காரர் குரலைத் தாழ்த்தினார். "நான் ரோட்டுல போகல. எதிர்த்தாப்புல செருப்புக் கடை வாசல்ல அரைமணி நேரமா நின்னுட்டிருந்தேன். போலாமா வேணாமான்னு. அப்ப நீங்க வந்து வரிசையில நின்னீங்க. சரி, செக்கர் சாரே பாஸ் பண்ணிட்டாரு, நமக்கென்னன்னு வந்துட்டேன்."

செக்கருக்கு அறுநூறு சட்டை மேலே விழுந்தது போல் இருந்தது. கையை மூர்க்கமாக இழுத்தார்.

"இழுக்காதீங்க சார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெளிய வரப் பாத்தா வராது. கொஞ்சம் உள்ள தள்ளுங்க. ஆங். இப்ப நான் திருப்பறேன். நீங்க வாங்க. மெதுவா."

பழுது பார்ப்பவர் குரல் அது. செக்கரின் கை வெளியே வந்தது. பிறகு லிஃப்ட்காரர் கை. பெயிண்டர் இருவரையும் தோளால் ஒதுக்கிவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

செருப்புக் கடை வாசலில் நின்று செக்கர் டீச்சருக்குப் போன் செய்தார்.

"எங்க இருக்கீங்க?"

"கடைக்கு எதிர்ல டீச்சர்."

"எந்தக் கடை?"

"கடைதான்."

"குடிச்சாச்சா?"

"இல்ல."

"கூட யாரு?"

"லிஃப்ட்காரரு."

"அவரு?"

"அவரும் இல்ல."

"சரி, கேளுங்க. நாளைக்குக் காலையில கூட்டத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் விடக் கூடாது. பாத்ரூம் போனாக்கூட இன்னொருத்தர் கதவுக்கு வெளிய நிக்கணும். இப்ப அங்கேயிருந்து நடங்க." நடக்கத் தொடங்கிவிட்டார்களா என்று பார்க்க முடியாததாலோ என்னவோ, டீச்சர் போனிலேயே விசிலை ஊதினார். செருப்புக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் நடந்தார்கள்.

மணி ஐந்தேகால். ஆறு மணிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். எந்த முகத்தை என்பதுதான் செக்கருக்குப் புரியவில்லை. சொன்னால் பதினோரு மாதமும் போச்சோ? சொல்லாமலிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? குடிக்கவே இல்லையே, சொல்லத்தான் என்ன இருக்கிறது? தன் மூளை இந்த வழியில் எவ்வளவு லாவகமாகப் போகிறது என்று பார்த்து அவருக்கே திகைப்பாக இருந்தது. லிஃப்ட்காரர் இதேபோல் ஒரு ஞாயிறு சொன்னபோது, 'நழுவுகிறான்' என்று மனசுக்குள் அம்பு ஒட்டியது நினைவுக்கு வந்தது.

"ஏழு தடவை எப்படித் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டார். பதினோரு மாதத்தில் அவர் லிஃப்ட்காரரிடம் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட முதல் கேள்வி.

"எட்டு சார். ஒண்ணு உங்களுக்குத் தெரியாது." லிஃப்ட்காரர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தபடி நடந்தார். "லிஃப்டுல எதிர் எடைன்னு ஒண்ணு உண்டு சார். சுவருக்குப் பின்னால தொங்கும். உள்ள நிக்கிறவனுக்குத் தெரியாது. பட்டனை அழுத்தினேன், மேல வந்தேன்னு நெனைச்சுக்குவான். அது கீழ இறங்குறதாலதான் இவன் மேல ஏறுறான். நான் வரும்போதெல்லாம் டீச்சரு, குமாஸ்தா, அந்தப் பிஸ்கட்டுக்காரரு, யாராவது ஒருத்தர் அப்படி இருந்தாங்க. தியானத்துல சாமிய நெனைக்கச் சொன்னா எனக்கு அதுதான் கண்ணுல வரும்."

"எதிர் எடைன்னா என்ன, இரும்புக் கட்டிதானே?"

"இரும்புக் கட்டிதான். புத்தி கிடையாது. உள்ள இருக்கறவன் நல்லவனா கெட்டவனான்னு பாக்காது. அதனாலதான் வேலை நடக்குது."

"இன்னைக்கு அந்த இரும்புக் கட்டி நான்கறீங்க."

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இருந்தோம் சார்," என்றார் லிஃப்ட்காரர். "கோவிச்சுக்காதீங்க. புத்தி கிடையாதுன்னு சொன்னது பொதுவா."

அக்கா வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது, அட்டையே பழுப்பேறியிருந்தது. விருந்துக்குப் போன பல் வைத்தியர் யார் வாயையும் பார்க்காமலிருக்கப் பாடுபடுவது போல, லிஃப்ட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குடும்ப விஷயம் சார். நான் கீழயே நிக்கிறேன். டீச்சர் கேட்டா படிக்கட்டும் பாத்ரூம் கதவு மாதிரிதான்னு சொல்லிடலாம்."

செக்கர் ஏறினார். கதவைத் திறந்த மனைவி வழக்கம் போல முகத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ஏங்க, என்னாச்சு?"

செக்கர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பாக்கெட், அறுநூறு சட்டை, பஸ் நிறுத்தம், வரிசை. ஜன்னல் வரை சொன்னார். கையைச் சொல்லும்போது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"குடிக்கணும்னு போனீங்களா?"

"ஆமா. வேற எதுக்கும் போகல."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தார். பரிசோதனைக் கூடத்தில் தாளைப் பிரிக்கும் முன் இருக்கும் அதே முகம். "நீங்க இதைச் சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார்.

"தெரிஞ்சிருக்காது."

"அப்ப எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும். பத்தொன்பது நாள்." பிறகு, "யாரு உங்களை வெளிய கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார்.

"லிஃப்ட்காரரு."

"எந்த லிஃப்ட்காரரு? ஏழு தடவை விழுந்தாருன்னு வாரா வாரம் என் உசிர வாங்குவீங்களே, அவரா?"

"எட்டு தடவை," என்றார் செக்கர். "ஆமா, அவருதான்."

"இப்ப எங்க அவரு?"

"கீழ நிக்கிறாரு."

"உங்களக் காப்பாத்தின மனுஷன கீழ நிக்க வச்சிட்டா மேல வந்தீங்க? கூப்பிடுங்க."

"நானும் அவரக் காப்பாத்தினேன்," என்று முணுமுணுத்தபடி செக்கர் பால்கனிக்குப் போனார். கீழே லிஃப்ட்காரர் சைக்கிள் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றிருந்தார். நான்கு மாடி உயரத்திலிருந்து பார்க்க அவர் உச்சந்தலை வழுக்கை தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்த பிறகுதான் அவர் பெயர் தெரியாது என்பது செக்கருக்கு உறைத்தது.

"லிஃப்ட்காரரே," என்று கத்தினார். "மேல வாங்க."

இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல். எதிர்ப் பால்கனியில் ஒரு பெரியவர் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"லிஃப்டுக்கு ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சாம், வந்தாச்சாம். கீழ நிக்கிறாரு பாருங்க."

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

லிஃப்ட்காரர் திகைத்துப் போய் அண்ணாந்து பார்த்தார். "இல்லீங்க, நான் வேற விஷயமா வந்தேன். இன்னைக்கு எனக்கு லீவு."

"லீவா இருந்தா என்னப்பா, லிஃப்டும்தான் லீவுல இருக்கு," என்றார் துண்டுப் பெரியவர். "பாத்துட்டாவது போ. என் முழங்கால் உன்னை வாழ்த்தும்."

செக்கருக்குப் பின்னால் மனைவி சிரித்துவிட்டார். அக்காவும் சமையலறையிலிருந்து சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்ததை மறைக்கக்கூட இல்லை. மனைவியின் சிரிப்பை செக்கர் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. திரும்பிப் பார்க்கலாமா என்று யோசித்தார். பார்த்தால் நின்றுவிடும் என்று பார்க்காமலே நின்றார்.

அவர் கீழே இறங்கிப் போவதற்குள் துண்டுப் பெரியவர் ஸ்குரூ டிரைவர், டார்ச் லைட் எல்லாம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லிஃப்ட்காரர் கதவுக்குப் பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்திருந்தார். உள்ளே கட்டுக்கட்டாக வயர்கள்.

"சார், நீங்க மேல போங்க. அம்மா காத்திருப்பாங்க."

"டீச்சர் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்று செக்கர் டார்ச்சை வாங்கிப் பிடித்தார்.

லிஃப்ட்காரர் ஒரு வயரைப் பிரித்து முறுக்கினார். இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்து, கோணலும் மாணலுமாகச் சுற்றினார். இரண்டாவது சுற்று முதல் சுற்றின் மேல் சரியாக உட்காரவில்லை. செக்கர் பார்த்தார். வாய் திறந்தது.

"வெளிச்சம் போதுமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இடப்பக்கமா காட்டுங்க சார்."

இடப்பக்கமாகக் காட்டினார். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மனைவி இரண்டு டம்ளர் டீயோடு இறங்கி வந்து, ஒன்றை லிஃப்ட்காரரிடமும் ஒன்றை அவரிடமும் நீட்டிவிட்டு, கடைசிப் படிக்கு மேல்படியில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியலம்மா," என்றார் லிஃப்ட்காரர். "இன்னைக்கு ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

"பரவாயில்ல," என்றார் செக்கர், டீயை ஒரு கையிலும் டார்ச்சை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு. "இருக்கோம்."